திருவிழா மேடைக்கு எந்த கிடார் பெடல் சரி?

கல்லில் இசை இலக்கணம் வெட்டிவைத்த குடுமியான்மலை இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில், கோயில் திருவிழா என்றாலே இன்னிசைக் கச்சேரியும் உண்டு. பாட்டு நடுவே ஜெனரேட்டர் ஒரு நொடி மக்கர் பண்ணினால் போதும். மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் அணைந்து, மறுபடி ஆன் ஆகும்வரை கிடார் ஊமைதான்!

பவர்: பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1 ஃபோர் இரண்டுமே 4 ஏஏ பேட்டரியில் ஓடும். புது பேட்டரி போட்டால் ஜெனரேட்டரை நம்பி இருக்க வேண்டாம்.

மிக்சர்: ஆம்ப் இல்லாமல் நேராக மிக்சருக்குப் போகிறதா? கேபினட் சிமுலேஷன் கட்டாயம். இல்லையென்றால் டிஸ்டார்ஷன் தகரம் மாதிரி கீச்சிடும்.

கால்: இருட்டிலும் ஒரே மிதியில் சவுண்டு மாறணும்.

சவுண்டு: ஹெட்போனில் அசத்தும் ரிவெர்ப், ட்ரம்ஸ், கீபோர்டு நடுவே குழம்பிவிடும். ரிவெர்பைக் குறைத்து, மிட்டை ஏற்றுங்கள். வாங்கும் முன் முழு பேண்டோடு ஒருமுறை வாசித்துப் பார்ப்பதே நல்லது.