பிள்ளையைப் பிடித்தார்கள், நினைவைப் பிடிக்க முடியவில்லை!

தோட்டப் பாட்டாளித் தோழர்களே, தாய்மார்களே!

பெற்றவள் உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைக்குப் பொறுப்பு அவளல்ல, ஓர் அதிகாரிதான் என்று சட்டம் போட்டால் எப்படி இருக்கும்? மேற்கு ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் நடந்தது. 1905ஆம் ஆண்டுச் சட்டம், 16 வயதுக்குட்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் அதிகாரியையே காப்பாளராக்கியது. 1936இல் அதை 21 வயது வரை நீட்டினார்கள். தாய் கதறினால் கேட்க நாதியில்லை. 1910க்கும் 1970க்கும் இடையில், நாடு முழுவதும் ஆதிக்குடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை இப்படிப் பிரிக்கப்பட்டார்கள் என்று 1997இல் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது.

அவர்களில் ஒருவர்தான் லாரல் நன்னப் அம்மையார். நூங்கார் இனத்தவர், 1943இல் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பத்தை விட்டுப் பிரிக்கப்பட்டு, வாண்டரிங் என்ற ஊரில் இருந்த மிஷன் விடுதியில் சேர்க்கப்பட்டார். நடுவயது கடந்த பிறகுதான் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலை படித்தார். அங்கே அவர் கைக்கு வந்தது அச்சோவியம்.

அது என்ன அச்சோவியம்? பால் உறைய ஆசிட் ஊற்றிய கைகளுக்குச் சொன்னால் உடனே புரியும். உலோகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் படம் கீறுவார்கள். ஆசிட்டில் போட்டால், கீறின இடத்தை மட்டும் அது அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தேய்த்து, ஈரத் தாளை மேலே வைத்து, நம்ம ரப்பர் ஷீட்டு மிஷின் மாதிரி உருளையில் கொடுத்து அழுத்தினால், படம் தாளில் ஏறிவிடும். மரப்பலகையைச் செதுக்கி மை தடவி எடுப்பது இன்னொரு வகை. இரண்டையும் அம்மையார் செய்தார்.

அவர் கீறியது ராஜா ராணி கதையல்ல. குடும்பத்தோடு இருந்த நாட்கள், மிஷன் விடுதி வாழ்க்கை, இவைதான். 'மிட்டாய் மரம்' என்றுகூட ஒரு படம் உண்டு.

"பிள்ளை விளையாட்டைப் படம் போட்டு என்னப்பா லாபம்?" என்று சிலர் கேட்கலாம். லாபம் இருக்கிறது, தோழர்களே! ஆபீசு பைலில் பிள்ளை ஒரு வரிதான். யார் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதது, யார் மடியில் தூங்கியது, இதெல்லாம் பைலில் ஏறாது. பைல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தால், அது சொன்னதே சத்தியமாகியிருக்கும். அச்சோவியமோ ஒரே தகட்டில் பல தாள் எடுக்கலாம். ஒன்றை மறைத்தால் இன்னொன்று பேசும்!

2006இல் அவருடைய படங்களும் கதைகளும் புத்தகமாக வந்தன. 2008 பிப்ரவரி 13ஆம் தேதி, பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நல்லதுதான். ஆனால் போன குழந்தைப் பருவத்தை எந்த நாடாளுமன்றம் திருப்பித் தரும்? அதில் மிஞ்சியதை அம்மையார் தம் கையாலேயே மீட்டார்.

நம் வீடுகளில் பாட்டி பழங்கதை பேசினால், "சும்மா இரு பாட்டி" என்று வாயை அடைக்காதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெயரோடு ஊரோடு எழுதச் சொல்லுங்கள். நம் கதையை நாம் எழுதாவிட்டால், ஆபீசு பைல்தான் எழுதும்!