டாட்ரா மலையும் அதன் கட்டுப்பாடும்

ஐரோப்பாவின் நடுப்பகுதியில் கார்பேத்தியன் என்னும் மலைத்தொடர் வளைத்த வில்லைப் போன்று நீண்டு கிடக்கிறது. அத்தொடரில் மிக உயர்ந்து நிற்கும் பகுதிக்கு உயர் டாட்ரா என்று பெயர். ஸ்லோவாக்கிய நாட்டின் வட எல்லையில், போலந்தை ஒட்டி இது அமைந்துள்ளது. டாட்ரா என்ற சொல் நம்மில் பலருக்குப் புதியதன்று. நமது ராணுவத்தின் கனரக லாரிகளின் மேல் அப்பெயரைக் கண்டிருப்போம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் அவ்வண்டிகளை இந்நாட்டிலேயே தயாரித்து அளித்ததும் பலர் அறிந்ததே. செக் நாட்டு ஊர்தித் தொழிற்சாலை ஒன்று இம்மலையின் பெயரைத் தன் வண்டிகளுக்குச் சூட்டிக்கொண்டது. வண்டியின் பெயரை அறிந்த நாம், அப்பெயருக்கு உரிய மலையையும் சற்று அறிந்துகொள்வோம். அங்கே காணத்தக்கவை யாவை, மக்கள் அங்கே எவ்வாறு பொழுது போக்குகின்றனர், அதற்கு என்ன ஒழுங்கை வகுத்துள்ளனர் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

பரப்பில் இது சிறிய மலைதான். அதன் தலைமை முகடு ஏறக்குறைய 26 கிலோமீட்டர் நீளமே உடையது. சிகரங்களுள் உயர்ந்தது கெர்லாக். உயரம் 2,655 மீட்டர். புகழில் அதற்கு இணையான லொம்னிட்ஸ்கி சிகரம் 2,634 மீட்டர். நமது நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைத்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம் என்பது விளங்கும். ஆயினும் தோற்றத்தில் இரண்டிற்கும் ஒப்புமை இல்லை. தொட்டபெட்டாவின் உச்சிவரை மோட்டார் சாலை செல்கிறது. உச்சியிலும் மரம் செழிக்கிறது. டாட்ராவோ வடக்கே 49 பாகையில் உள்ளது. அங்கே சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் காடு முடிந்துவிடும். அதற்குமேல் 1,800 மீட்டர் அளவுவரை தரையோடு படரும் குள்ளப் பைன் புதர்கள். அதற்கும் மேலே புல்லும், பாசியும், செங்குத்தான கருங்கற்பாறையுமே காட்சி தரும். பண்டைப் பனியுகத்தில் பனியாறுகள் இப்பாறைகளைக் குடைந்து பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. அவை விட்டுச் சென்ற குழிகளில் நீர் தேங்கி நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் தோன்றின. இத்தகைய மலையேரியை அந்நாட்டார் 'பிளெசோ' என அழைக்கின்றனர்.

ஸ்லோவாக்கிய மக்களுக்கு இம்மலை வெறும் உல்லாசத் தலம் அன்று. அவர்களது தேசிய கீதம் டாட்ராவின் மேல் மின்னும் மின்னலைக் கூறியே தொடங்குகிறது. அது 1844இல் இயற்றப்பட்டது. கிரிவான் என்னும் வளைந்த சிகரத்தை நாட்டின் சின்னமாகவே போற்றுகின்றனர். அம்மொழிக்கு இலக்கண வரம்பு கண்ட லுதோவித் ஷ்டூர் 1841இல் தம் தோழர்களுடன் அதன் மேல் ஏறினார். அதன் நினைவாக ஆண்டுதோறும் மக்கள் கூட்டமாகக் கிரிவான் ஏறும் வழக்கம் உண்டு. 2009இல் யூரோ நாணயத்தை ஏற்றபோது, சிறுகாசுகளில் அச்சிகரத்தையே பொறித்தனர். கெர்லாக் சிகரத்தின் வரலாறு வேறு வகை. ஹங்கேரி ஆட்சிக் காலத்தில் அதற்குப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் பெயரை இட்டனர். 1949இல் ஸ்டாலின் சிகரம் எனப் பெயர் மாற்றினர். பத்தாண்டுகளில் அப்பெயரும் நீங்கியது. இன்று அடிவாரத்துச் சிற்றூரின் பெயரே சிகரத்தின் பெயராக நிலைத்து நிற்கிறது.

அங்குச் செல்லும் வழி மிக எளிது. தலைநகராகிய பிராதிஸ்லாவாவிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் போப்ராட் நகரை அடையலாம். 1871இலேயே இந்நகருக்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. வழியில், போப்ராடுக்குச் சற்று முன்னர், ஸ்வித் என்னும் தொழில் நகர் உண்டு. கொல்கத்தாவுக்கு அருகே பாட்டா நகரை நிறுவிய அதே பாட்டா நிறுவனம் 1930களில் உண்டாக்கிய ஊர் அது. போப்ராடிலிருந்து மலையடிவாரத்துக்கு மின்சார ரயில் ஓடுகிறது. 1908இல் ஸ்தாரி ஸ்மொகோவெட்ஸ் வரை போடப்பட்ட இக்குறுகிய பாதை, 1912க்குள் தாட்ரான்ஸ்கா லொம்னிட்சா, ஷ்டர்ப்ஸ்கே பிளெசோ ஆகிய ஊர்களையும் இணைத்தது. இன்றும் உள்ளூர் மாணவரும், தொழிலாளரும், முதுகில் பை சுமந்த பிரயாணிகளும் ஒரே பெட்டியில் அமர்ந்து செல்கின்றனர். நகரத்து டிராம் வண்டியில் ஏறுவதுபோல் ஏறி, பெருமலையின் காலடியில் இறங்கிவிடலாம்.

முதியோரும் குழந்தைகளும் கண்டு மகிழத்தக்க இடங்கள் பல. ஷ்டர்ப்ஸ்கே பிளெசோ என்ற ஏரி 1,346 மீட்டர் உயரத்தில் உள்ளது; அதைச் சுற்றிவரச் சமமான நடைபாதை உண்டு. ஸ்தாரி ஸ்மொகோவெட்ஸிலிருந்து கம்பியால் இழுக்கப்படும் மலை ரயிலில் ஏறினால் ஹ்ரெபியெனோக் என்னும் மேட்டை அடையலாம். அங்கிருந்து அரை மணிக்குள் நடந்து செல்லும் தொலைவில் 'குளிர் ஓடை' அருவிகள் பாறைகளினூடே பாய்கின்றன. கிழக்கே பெலியான்ஸ்கா என்னும் சுண்ணாம்புக் குகை, 1882 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. உச்சியைக் காண விரும்புவோருக்குத் தொங்கு ஊர்தி உண்டு. தாட்ரான்ஸ்கா லொம்னிட்சாவிலிருந்து 1,751 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்கல்னாத்தே பிளெசோ வரை ஒன்றும், அங்கிருந்து லொம்னிட்ஸ்கி சிகரத்தின் முடிவரை மற்றொன்றுமாக அது செல்லும். உச்சியில் வானிலை நிலையம் இருக்கிறது. பிரயாணிகள் அங்கே தங்க 50 நிமிடமே அனுமதி. அதன்பின் அடுத்த குழுவுக்கு இடம் விட வேண்டும்.

நடையில் நாட்டமுள்ளோருக்கு டாட்ரா ஒரு திறந்த புத்தகம். மலையின் தென்சரிவு நெடுக 'மகிஸ்திராலா' என்ற நெடும்பாதை செல்கிறது. 1930களில் அமைத்த இப்பாதை ஏரிகளையும் விடுதிகளையும் ஒன்றோடொன்று இணைக்கிறது. பாதைகள் யாவும் நிறக்குறியிட்டவை. பாறையிலும் மரத்திலும் இரு வெள்ளைக் கோடுகளுக்கிடையே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் ஆகியவற்றுள் ஒரு நிறம் தீட்டியிருக்கும். மொழி அறியாதவரும் அதைப் பின்பற்றி வழி தவறாமல் செல்லலாம். வழிகாட்டிப் பலகைகள் தொலைவைக் கிலோமீட்டரில் கூறாமல், நடக்க ஆகும் நேரத்தைக் கூறுகின்றன. மலையில் தொலைவைவிட ஏற்றமே கணக்கு என்பதை அறிந்தோர் செய்த ஏற்பாடு இது.

உயரத்தில் உள்ள விடுதிகளுள் தேரி விடுதி 2,015 மீட்டரில் உள்ளது, 1899இல் திறக்கப்பட்டது. ரிஸி சிகரத்தின் கீழுள்ள விடுதி 2,250 மீட்டரில் உள்ளது. இவற்றுக்குச் சாலை கிடையாது. உணவும், நீர் காய்ச்சும் எரிபொருளும், விருந்தினர் படுக்கை விரிப்பும் மனித முதுகிலேயே மேலே ஏறுகின்றன. மரச்சட்டத்தில் தலைக்கு மேல் உயர அடுக்கிய பல பத்துக் கிலோ சுமையுடன், குளிரிலும் காற்றிலும் இச்சுமையாளர் ஏறிச் செல்கின்றனர். இமயத்தின் ஷெர்ப்பா என்ற பெயரையே அந்நாட்டார் இவர்களுக்கும் வழங்கியிருப்பது நாம் கருதத்தக்கது. ரிஸி விடுதிக்குச் செல்லும் வழியில் அடிவாரத்தில் சிறு மூட்டைகள் வைத்திருப்பர். விரும்பிய வழிப்போக்கர் ஒன்றைச் சுமந்து சென்று மேலே சேர்ப்பித்தால், கைம்மாறாகச் சூடான தேநீர் கிடைக்கும். தாம் உண்ணும் உணவு எவ்வளவு உழைப்பில் மேலே வந்தது என்பதை அம்மூட்டை எவருக்கும் உணர்த்திவிடும்.

ரிஸி சிகரம் குறியிட்ட பாதையில் ஏறக்கூடியது. அதன் முகட்டில் ஸ்லோவாக்கியாவும் போலந்தும் சந்திக்கின்றன. கெர்லாக் அப்படியன்று, அதற்குக் குறியிட்ட பாதை இல்லை. மலையேற்றச் சங்கத்தில் பயிற்சி பெற்ற உறுப்பினர் நீங்கலாக, மற்றையோர் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு முதன்மை பெறுகிறது. 1935லும் 1970லும் உலகப் பனிச்சறுக்குப் போட்டிகள் இங்கே நடைபெற்றன. 1932இல் நின்றுபோயிருந்த ஷ்டர்ப்ஸ்கே பிளெசோவின் பற்சக்கர ரயில், 1970ஆம் ஆண்டுப் போட்டியை முன்னிட்டே மீண்டும் ஓடத் தொடங்கியது.

இவ்வளவு எளிதில் எட்டுவதே இம்மலையின் அபாயமும் ஆகும். காலையில் ரயிலில் வந்து இறங்கியவர், மெல்லிய சட்டையும் நகரத்துக் காலணியுமாக, நண்பகலுக்குள் 2,000 மீட்டர் உயரத்தில் நிற்க முடிகிறது. கோடையில் பிற்பகல் வேளையில் இடிமழை திடீரென்று திரளும். 2019 ஆகஸ்டு 22ஆம் நாள் போலந்துப் பகுதியிலுள்ள கியெவோந்த் சிகரத்தில் மின்னல் தாக்கி நால்வர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அதே நாளில் ஸ்லோவாக்கியப் பகுதியிலும் ஒருவர் மின்னலுக்கு இரையானார். ஏறுவோர் பற்றிக்கொள்ள அமைத்த இரும்புச் சங்கிலியே இடிவேளையில் எமனாகக் கூடும். ஆதலின் விடியலில் புறப்பட்டு, நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

இக்காரணம் பற்றியே கட்டுப்பாடுகள் வகுத்துள்ளனர். விடுதிகளுக்கு மேலுள்ள பாதைகள் நவம்பர் தொடங்கி வசந்தத்தின் இறுதிவரை மூடப்பட்டிருக்கும். பனிச்சரிவிலிருந்து மனிதரையும், ஈனும் பருவத்தில் விலங்குகளையும் இவ்விதி ஒருங்கே காக்கிறது. கூடாரம் அடிப்பதற்கும் தீ மூட்டுவதற்கும் தடை உண்டு. மலையில் இடருற்றவரைக் காக்க அரசின் மீட்புப் படை இரவு பகலாகக் காத்திருக்கிறது. ஆனால் 2006 முதல், மீட்கப்பட்டவரே அச்செலவைச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். ஹெலிகாப்டர் வரவழைத்தால் தொகை பெரிதாகிவிடும். எனவே உள்ளூரார்கூட நாள் கணக்கில் சிறு தொகைக்குக் காப்பீடு செய்துகொண்டே மலையேறுகின்றனர். துன்புற்றவரிடம் பணம் கேட்பது கடுமை என்று நமக்குத் தோன்றலாம். தன் கவனக்குறைவுக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்கிறோம் என்ற நினைவு புறப்படுமுன்பே எழ வேண்டும் என்பது அவ்விதியை ஆதரிப்போர் கூறும் நியாயம்.

இந்நினைவை ஊட்டவே போலும், போப்ராத்ஸ்கே பிளெசோ என்னும் ஏரியின் அருகே ஒரு நினைவிடம் அமைத்திருக்கின்றனர். ஓவியர் ஒத்தகார் ஷ்தாஃபல் என்பாரின் முயற்சியால் உருவாகி 1940இல் திறக்கப்பட்ட இதனைக் குறியீட்டுக் கல்லறை என்பர். இங்கு எவரையும் புதைக்கவில்லை. பைன் மரங்களிடையே, வண்ணம் தீட்டிய மரச்சிலுவைகளும், பாறையில் பதித்த பெயர்ப் பலகைகளும் மட்டுமே உள்ளன. டாட்ராவில் மாண்டவர்களுடன், இமயம் முதலிய தொலைதூர மலைகளில் உயிர் நீத்த அந்நாட்டாரும் இங்கே நினைவுகூரப்படுகின்றனர். இறந்தோர்க்கு நினைவாகவும் இருப்போர்க்கு எச்சரிக்கையாகவும் அமைந்தது இது என வாயிலில் கண்டோர் உணர்வர். மேலே ஏறும் வழியிலேயே இது இருப்பதால், உற்சாகமாகப் பேசி வருவோரும் இங்கே சற்று மௌனமாகிவிடுகின்றனர்.

மனிதரைக் காப்பதோடு மலையையும் காக்க வேண்டியிருக்கிறது. ஸ்லோவாக்கியப் பகுதி 1949இல் தேசியப் பூங்காவாயிற்று. அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா இதுவே. நமது வரையாட்டை நினைவூட்டும் ஷாமோய் என்ற மலையாடு இங்கே வாழ்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஸ்லோவாக்கியப் பகுதியில் இதன் தொகை இருநூறுக்கும் கீழே இறங்கியது. காவலைக் கடுமையாக்கியபின், பின்வந்த ஆண்டுகளில் இரு நாட்டுப் பகுதிகளையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் பெருகியது. 2004 நவம்பர் 19ஆம் நாள் மலையிலிருந்து இறங்கிய சூறைக்காற்று, சில மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 12,000 ஹெக்டேர் காட்டைச் சாய்த்துவிட்டது. விழுந்த மரங்களை அகற்றுவதா, இயற்கையிடமே விட்டுவிடுவதா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. ஒரே இன மரமாக நட்டு வளர்த்த காடு காற்றுக்கும் பூச்சிக்கும் எளிதில் இலக்காகும் என்ற பாடத்தை அவ்வழிவு கற்பித்தது. இன்று அச்சரிவுகளில் பலவகை இளமரங்கள் தலைதூக்கி வருகின்றன.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர், விடுமுறை நாட்களில் இமயச் சாரலுக்கும் சஹ்யாத்ரிக் கோட்டைகளுக்கும் செல்வது பெருகி வருகிறது. சாலையும் ஊர்தியும் நம்மை உயரத்தில் விரைவாகக் கொண்டுபோய் விடுகின்றன. அவ்வுயரத்துக்கு உரிய அறிவை அவை தருவதில்லை. வானிலை கேட்டுப் புறப்படுதல், செல்லும் வழியை ஒருவரிடம் சொல்லிவைத்தல், வழிகாட்டிக்கும் சுமையாளருக்கும் உரிய கூலியும் மதிப்பும் அளித்தல், மூடிய பாதையை மூடியதாகவே கொள்ளுதல் ஆகியவை டாட்ராவில் சட்டமாகவும் வழக்கமாகவும் நிலைபெற்றுள்ளன. நம் மலைகளிலும் இவற்றைக் கடைப்பிடிக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த விடுமுறைப் பிரயாணத்திலேயே தொடங்கலாம்.