ஏரி நடுவே ஓர் ஊர்

நம் ஊர் ஏரியைப் பற்றி நமக்குத் தெரியும். மழைக்காலத்தில் நிறையும். கோடையில் வற்றும். ஏரி வற்றினால் நமக்குக் கவலை. ஆண்டு முழுவதும் நிறைந்தே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்போம்.

ஓர் ஏரியில் உண்மையாகவே அப்படிச் செய்தார்கள். கோடையிலும் தண்ணீர் குறையாமல் நிறுத்தினார்கள். அதன் பிறகு என்ன நடந்தது? அந்த ஏரியின் நடுவே ஒரு தீவு இருக்கிறது. அங்கு வாழும் மக்களுக்கு இதற்கு விடை தெரியும். வாருங்கள், அந்தத் தீவுக்குப் போவோம்.

காரங் தீவு

நம் நாட்டின் வடகிழக்கு மூலையில், பர்மா எல்லையில் இருக்கிறது மணிப்பூர் மாநிலம். சுற்றிலும் மலைகள். நடுவே ஒரு சமவெளி. அந்தச் சமவெளியில் லோக்தாக் ஏரி இருக்கிறது. வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுதான். மணிப்பூர் மக்களின் மொழியில் 'லோக்' என்றால் ஓடை. 'தாக்' என்றால் முடிவு. ஓடைகள் வந்து முடியும் இடம் என்பது பொருள்.

ஏரிக்குள் சிறு குன்றுகள் தலை நீட்டி நிற்கின்றன. அவைதான் தீவுகள். தாங்கா, இத்திங், சென்ட்ரா, காரங் ஆகியவை அவற்றில் சில. காரங் சிறிய தீவு. ஆனால் அங்கே ஊரே இருக்கிறது. அங்கு வாழ்பவர்கள் மெய்தெய் இன மக்கள். மீன்பிடிப்பதே முக்கியத் தொழில். கைப்பேசி வழியாகப் பணம் கொடுத்து வாங்கும் முறை இந்தத் தீவுக்கும் வந்தது. 2017-இல் காரங், ரொக்கப் பணமில்லாத் தீவு என்று அறிவிக்கப்பட்டது.

மிதக்கும் நிலம்

இந்த ஏரியில் ஓர் அதிசயம் உண்டு. தண்ணீர் மேல் பச்சைத் திட்டுகள் மிதக்கும். அவற்றுக்குப் 'பும்தி' என்று பெயர். புல், செடி, வேர், மக்கிய இலை, மண் எல்லாம் பின்னிப் பிணைந்து பாய் போல ஆகிவிடும். சில இடங்களில் அந்தப் பாய் ஓர் ஆள் உயரத்துக்குக்கூடத் தடித்திருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்கு மேலே தெரியும். மீதி நான்கு பங்கு தண்ணீருக்குள் இருக்கும்.

மீனவர்கள் பும்தியை வெட்டி எடுப்பார்கள். அதை ஏரியில் பெரிய வட்டமாகக் கட்டி நிறுத்துவார்கள். இதற்கு 'அதாபும்' என்று பெயர். நிழலும் இரையும் தேடி மீன்கள் வட்டத்துக்குள் வரும். பிறகு சுற்றிலும் வலை கட்டி மீனைப் பிடிப்பார்கள். பும்தியின் மேலேயே குடிசை போட்டு வாழும் குடும்பங்களும் உண்டு.

பிடித்த மீனை விற்பதில் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மாநிலத் தலைநகர் இம்பாலில் 'இமா' சந்தை இருக்கிறது. 'இமா' என்றால் அம்மா. அங்கே கடை போடுபவர்கள் எல்லாரும் பெண்களே. மீனைப் புளிக்க வைத்து 'ஙாரி' என்ற பண்டம் செய்வார்கள். அது இல்லாமல் மணிப்பூர்ச் சமையல் ருசிக்காது.

கரையில் உள்ள வரலாறு

ஏரிக்கரையில் மொய்ராங் என்ற ஊர் இருக்கிறது. முன்பு அது தனி அரசாக இருந்தது. காம்பா, தொய்பி காதல் கதை இந்த ஊருக்குச் சொந்தம். காம்பா ஏழை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. தொய்பி அரச குடும்பத்துப் பெண். இருவரும் சந்தித்தது லோக்தாக் ஏரியில் என்று கதை சொல்கிறது. இன்றும் மணிப்பூர் மக்கள் அந்தக் கதையைப் பாடுகிறார்கள்.

நம் விடுதலைப் போரிலும் மொய்ராங்குக்கு இடம் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் பர்மா வழியாக இங்கு வந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் மூவண்ணக் கொடியை ஏற்றியது. அந்தப் படையில் மலாயாவில் இருந்த தமிழர்கள் பலரும் சேர்ந்திருந்தார்கள். மொய்ராங்கில் அந்தப் படையின் நினைவாக அருங்காட்சியகம் உள்ளது.

நடனமாடும் மான்

ஏரியின் தென்கிழக்கே கெய்புல் லம்ஜாவ் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 40 சதுர கிலோமீட்டர். இதன் பெரும்பகுதி மிதக்கும் பும்திதான். இங்கே 'சங்காய்' என்ற மான் வாழ்கிறது. இது மணிப்பூரின் மாநில விலங்கு. மிதக்கும் நிலத்தில் நடக்கும்போது நடனமாடுவது போலத் தெரியும்.

இந்த மான் இனம் அழிந்துவிட்டது என்று 1951-இல் எண்ணினார்கள். 1953-இல் இங்கே மறுபடியும் கண்டார்கள். 1975-இல் எண்ணியபோது 14 மான்களே இருந்தன. 1977-இல் இந்த இடம் தேசியப் பூங்கா ஆனது. பாதுகாத்ததால் மான்கள் பெருகின. 2016 கணக்கெடுப்பில் 260 மான்கள் இருந்தன.

கதவணை வந்தது

இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

ஏரியின் உபரித் தண்ணீர் மணிப்பூர் ஆற்றில் வடியும். 1983-இல் அந்த ஆற்றின் குறுக்கே இத்தாய் என்ற இடத்தில் கதவணை செயல்படத் தொடங்கியது. நோக்கம் மின்சாரம். ஏரித் தண்ணீரை மலையைக் குடைந்து மறுபுறம் கொண்டுபோனார்கள். அங்கே 105 மெகாவாட் மின் நிலையம் அமைத்தார்கள். மணிப்பூருக்கும் அண்டை மாநிலங்களுக்கும் மின்சாரம் கிடைத்தது. அது நல்ல பலன்தான். ஆனால் மின் நிலையம் ஓட, கோடையிலும் ஏரி நிறைந்திருக்க வேண்டும். கதவணை தண்ணீரைத் தேக்கி நிறுத்தியது.

முன்பு கோடையில் தண்ணீர் இறங்கும். பும்தியும் அதோடு இறங்கித் தரையைத் தொடும். வேர்கள் மண்ணிலிருந்து சத்து எடுத்துக்கொள்ளும். மழை வந்ததும் பும்தி பலத்தோடு மேலே எழும். மனிதர் மூச்சு இழுத்து விடுவது போல, ஏரி ஆண்டுதோறும் ஏறி இறங்கியது. கதவணை வந்த பின் இறங்குவது நின்றது. பூங்காவில் பல இடங்களில் பும்தி தரையைத் தொட முடியவில்லை. அது மெலிந்தது. மானின் எடையைத் தாங்கும் பலம் குறைந்தது.

ஏரியின் மற்ற பகுதிகளில் வேறு தொல்லை. முன்பு வெள்ளத்தில் பும்தியின் ஒரு பகுதி ஆற்றோடு போய்விடும். இப்போது போக வழியில்லை. களை பெருகியது. நகரக் கழிவும் ஆறுகள் வழியே வந்து சேர்ந்தது.

கரையோர வயல்கள் தண்ணீருக்குள் போயின. உழவு இழந்தவர்கள் பலர் மீன்பிடிக்க வந்தார்கள். ஆனால் மீனும் குறைந்தது. 'பெங்பா' என்ற மீன் பர்மாவின் ஆறுகளிலிருந்து ஏரிக்கு ஏறி வரும். கதவணை அதன் வழியை அடைத்தது. இன்று பெங்பா மணிப்பூரின் மாநில மீன். ஆனால் அதைக் குளங்களில் வளர்க்க வேண்டியிருக்கிறது.

1990-இல் லோக்தாக், உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மூன்றே ஆண்டுகளில், 1993-இல், ஆபத்தில் உள்ள நீர்நிலைகளின் பட்டியலிலும் சேர்ந்தது.

யாருடைய ஏரி?

ஏரியைக் காக்க மணிப்பூர் அரசு 2006-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2011 நவம்பரில் பும்தி மேல் இருந்த நூற்றுக்கணக்கான குடிசைகள் எரிக்கப்பட்டன. குடிசைகளாலும் அதாபும்களாலும் ஏரி கெடுகிறது என்றது அரசு. தலைமுறை தலைமுறையாக இந்த ஏரியை நம்பி வாழ்கிறோம், எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள் என்று மீனவர்கள் கேட்டார்கள்.

2017-இல் ஏரியின் மேலேயே மிதக்கும் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. வீடு இழந்து படிப்பை விட்ட பிள்ளைகளுக்காக அது தொடங்கப்பட்டது. எழுத்தறியாத பெரியவர்களும் அங்கே படிக்கலாம் என்றார்கள்.

படிப்பு ஏன் தேவை? அணை வரும்போது அறிவிப்பு வரும். சட்டம் வரும்போது தாள் வரும். அவற்றைப் படித்துப் புரிந்துகொண்டால்தான் கேள்வி கேட்க முடியும். ஏரியின் பழக்கம் அதன் கரையில் வாழ்பவர்களுக்குத் தெரியும். எப்போது நிறையும், எப்போது வற்றும், வற்றுவதால் என்ன நன்மை என்பதும் தெரியும். காரியம் தொடங்கும் முன் அவர்களைக் கேட்க வேண்டும். அவர்களும் தெரிந்ததை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊர் ஏரி வற்றும் காலத்தில் யாருக்கு என்ன பயன் கிடைக்கிறது?

2. ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழி எது? அது இப்போது திறந்திருக்கிறதா?

3. ஏரியில் வேலை நடக்கும் முன் ஊர்மக்களைக் கேட்கிறார்களா?