வாமனருக்கு வெள்ளை

நவராத்திரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பரணிலிருந்து கொலுப்பெட்டியை இறக்கினேன். கொல்கத்தா மழைக்காலம் கைவரிசையைக் காட்டியிருந்தது. அம்மா புதுக்குடித்தனம் வந்தபோது கொண்டுவந்த தசாவதாரப் பொம்மைகளில் பாதிக்கு மேல் வர்ணம் பொருக்குவிட்டு உதிர்ந்திருந்தது. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம்கூட இராது. "புதுசு வாங்கிடலாமே" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. நான் பிரஷ் வாங்கப் புறப்பட்டேன்.

வர்ணத்துக்கு முன் அடிப்பூச்சு வேண்டும். எந்த நிறம்? பிளாஸ்டிக் போர்வீரர்களுக்கு வர்ணம் தீட்டும் என் மகன், "கறுப்புதாம்ப்பா" என்றான். பிரஷ் எட்டாத இடுக்குகள் நிழல் மாதிரி தெரியுமாம். கவசத்தின் வெள்ளி வர்ணமும் கறுப்பின் மேல் எடுப்பாக இருக்குமாம். போர்வீரனுக்கு அது சரி. நான் வாமனருக்கு அடித்து, மேலே மஞ்சள் வேஷ்டி தீட்டினேன். மூன்று தடவை பூசியும் பாசி படிந்த பச்சையாகவே நின்றது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏண்டா, குளத்துல விழுந்துட்டானா?" என்றாள்.

அந்த ஞாயிறு குமார்துலிக்குப் போனேன். மகாளயத்துக்கு முன்னால் அங்கே போனவர்களுக்குத் தெரியும்: துர்க்கைகளெல்லாம் வெள்ளை வெளேரென்று நிற்பார்கள். சுண்ணமண்ணைப் புளியங்கொட்டைப் பசையில் கலந்து பூசிய அடிப்பூச்சு அது. பிறகு அதன்மேல்தான் தேவியின் மஞ்சள் மேனி. மஞ்சளும் சிவப்பும் மெல்லிய வர்ணங்கள். ஒளி அவற்றைக் கடந்து அடியிலுள்ளதைத் தொட்டுத் திரும்புகிறது. அடியில் வெள்ளை இருந்தால் பளிச்சிடும், கறுப்பு இருந்தால் ஒளியை விழுங்கிவிடும். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை!

வெள்ளையிலும் தொல்லை உண்டு. விட்டுப்போன இடுக்கு பல்லிளிக்கும். கெட்டியாகப் பூசினால் சின்னப் பொம்மைக்கு மூக்கும் முழியும் மழுங்கிவிடும். அதனால் நீர்க்க இரண்டு தடவை. மண் ஈரமாயிருந்தால் எதுவும் ஒட்டாது. ஒரு வாரம் மின்விசிறியடியில் உலர்த்தினேன். மகன் சமரசமாகச் சாம்பல் நிறம் சொன்னான். நீலமேனி ராமருக்கும் கிருஷ்ணருக்கும் அது பொருந்தியது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வாமனரின் கறுப்பை உப்புத்தாளால் தேய்க்கும்போது குடை உடைந்து கையோடு வந்துவிட்டது. அம்மாவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளே எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் வேஷ்டி ஜொலித்தது.

"போறது போ. உள்ளேதானே நிக்கப் போறான்? மழையா பெய்யப் போறது?" என்றாள்.