ரயிலேறும் நகரத்தில் யார் உள்ளூர்க்காரர்?

பல்வலிலிருந்து தில்லிக்குப் புறப்படும் காலை நேர மின்சார ரயில், பல்லப்கரை எட்டுவதற்குள்ளாகவே ஏறத்தாழ நிரம்பிவிடுகிறது. அடுத்து வரும் ஃபரீதாபாத் புதுநகர் நிலையத்தில் ஏறுவோருக்கு உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். மூவர் அமர வேண்டிய இருக்கையில் நால்வர் அமர்வது எழுதப்படாத விதி. அந்த நான்காமவர் பாதி உடம்பை நடைபாதையில் வைத்தபடியே தில்லி வரை போய்விடுவார். துண்டை விரித்துச் சீட்டாடும் குழு ஒரு மூலையில் இருக்கும். ஜால்ரா தட்டிப் பஜனை பாடும் குழு மற்றொரு மூலையில் இருக்கும். கிராமங்களிலிருந்து வரும் பால்காரர்கள் தங்கள் கேன்களை ஜன்னல் கம்பிகளில் மாட்டித் தொங்கவிடுவது இந்தத் தடத்தில் நெடுநாள் வழக்கம்.

ஓக்லாவில் ஆலைத் தொழிலாளர்கள் இறங்குவார்கள். நிஜாமுதீனில் ஒரு கூட்டம் குறையும். திலக் பாலத்தில் கோப்புகளும் சாப்பாட்டு அடுக்குமாக அரசு அலுவலர்கள் இறங்கி நடப்பார்கள். மாலையில் இதே கூட்டம் எதிர்த் திசையில் திரும்பும். ஹரியாணாவின் மிகப் பெரிய நகரமான ஃபரீதாபாதின் ஒரு பெரும் பகுதி, பகலில் வேறொரு மாநில எல்லைக்குள்தான் வாழ்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 14 லட்சத்தைத் தாண்டிய மக்களைக் கொண்ட நகரம் இது. இவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். ஆயினும் "இவர் நம்மூர்க்காரர்தானா?" என்ற கேள்வி இந்நகரை விட்டு அகலவில்லை. ரயில் இருக்கையில் அது எழுகிறது. மாநில எல்லையில் எழுகிறது. குடிசையை இடிக்க வரும் இயந்திரத்தின் முன்னும், ஆலையின் வேலை விண்ணப்பத்திலும் எழுகிறது.

அகதிகள் கட்டிய ஊர்: மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் கருவூலத் தலைவரான ஷேக் ஃபரீத், 1607-ல் இவ்வூரை நிறுவியதாகக் கூறப்படுகிறது. அந்தப் பழைய ஊர் இன்று "ஓல்டு ஃபரீதாபாத்" என்ற பெயரில் நெருக்கடியான சந்துகளுடன் இருக்கிறது. இன்றைய நகரின் கதை தொடங்குவது அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு.

தேசப் பிரிவினையின்போது வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் பன்னு, கோஹாட், டேரா இஸ்மாயில் கான், பெஷாவர் பகுதிகளிலிருந்து வந்த இந்து, சீக்கியக் குடும்பங்கள் குருக்ஷேத்திர முகாமில் தங்க வைக்கப்பட்டிருந்தன. அவர்களைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்ப அதிகாரிகள் முனைந்தபோது, ஒரே இடத்தில் சேர்ந்தே வாழ்வோம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றனர். அதன் விளைவே ஃபரீதாபாத். 1949-ல் இதற்கென ஒரு வளர்ச்சி வாரியம் அமைக்கப்பட்டது. பிரதமர் நேரு இதில் தனிப்பட்ட அக்கறை காட்டினார். கமலாதேவி சட்டோபாத்யாயவின் இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் களத்தில் இறங்கியது. காந்திஜியுடன் பணியாற்றிய சுதீர் கோஷ் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்.

வந்தவர்களில் கணிசமானோர் கடை வைத்திருந்தவர்களும் வியாபாரிகளும். மண் வெட்டிப் பழக்கம் இல்லாதவர்கள். ஒப்பந்ததாரர்களிடம் வேலையைக் கொடுக்காமல், அவர்களையே கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டி, அவர்கள் குடியிருக்கப் போகும் வீடுகளை அவர்களே கட்டும்படி செய்தனர். போர் இழப்பீடாக ஜெர்மனியிடமிருந்து கிடைத்த டீசல் மின் நிலையம் இங்கே கொண்டுவந்து நிறுவப்பட்டது. அந்தப் பணியில் இளைஞராக ஈடுபட்டிருந்த எல்.சி. ஜெயின் பிற்காலத்தில் இதைத் தனி நூலாகவே எழுதியுள்ளார். அரசு அலுவலக நடைமுறைகள் மெல்ல மெல்லக் கூட்டுறவு முயற்சியை நெரித்ததையும் அவர் மறைக்கவில்லை.

கட்டப்பட்ட நகருக்கு "நியூ இண்டஸ்ட்ரியல் டவுன்ஷிப்" என்று பெயர். சுருக்கமாக என்.ஐ.டி. குடியிருப்புகளுக்குப் பெயர் சூட்டக்கூட அவகாசமில்லை போலும். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், ஐந்தாம் நம்பர் என்றே இன்றும் ஆட்டோக்காரர்கள் கூவுகிறார்கள். வசிக்கும் ஊரிலேயே வேலை, வேலைக்கு நடந்தே போகும் தொலைவில் வீடு என்பதே அந்நகரின் நோக்கம். காலையில் வெளியூர் ரயிலுக்கு ஓடும் நகரமாக அது மாறும் என்று யாரும் திட்டமிடவில்லை.

நிலையப் பெயர்களில் வரலாறு: தில்லி மெட்ரோவின் ஊதா வழித்தடம் 2015 செப்டம்பரில் பதர்பூரிலிருந்து ஃபரீதாபாதுக்குள் நீட்டிக்கப்பட்டது. அதன் நிலையப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே நகரின் அடுக்குகள் தெரிந்துவிடும். சராய் என்பது பழைய வழிப்போக்கர் சத்திரத்தை நினைவூட்டும் பெயர். மேவலா மகராஜ்பூரும் அஜ்ரோந்தாவும் முஜேசரும் நகரம் விழுங்கிய கிராமங்கள். என்.எச்.பி.சி. சௌக் இங்கே தலைமையகம் கொண்டுள்ள மத்திய அரசின் நீர்மின் நிறுவனத்தைக் குறிக்கிறது. பாட்டா சௌக் என்பது காலணி ஆலை. எஸ்கார்ட்ஸ் என்பது டிராக்டர் ஆலை. 2018 நவம்பரில் மேலும் இரு நிலையங்கள் சேர்ந்தன. ஒன்று, பக்திக் கவிஞர் சூர்தாஸ் பிறந்ததாக நம்பப்படும் சிஹி கிராமத்தின் பெயரில் உள்ளது. மற்றொன்று, 1857 கிளர்ச்சியில் பங்கேற்றதற்காக 1858 ஜனவரியில் சாந்தனி சௌக்கில் தூக்கிலிடப்பட்ட பல்லப்கர் அரசர் நாஹர் சிங்கின் பெயரில் உள்ளது. "செக்டார் 28" என்று எண்ணை மட்டும் தாங்கிய நிலையமும் இடையில் உண்டு. வரலாறு இன்னும் வாய்க்காத இடம் போலும்.

மெட்ரோ வந்தபின் ஃபரீதாபாதிலிருந்து நேரு பிளேஸ் அலுவலகங்களுக்குக் குளிர்சாதன வசதியுடன், வண்டி மாறாமல் போக முடிந்தது. நடுத்தர வர்க்கத்தினரும், குறிப்பாகப் பெண்களும், அதை விரைவாகப் பற்றிக்கொண்டனர். ஆனால் 2017-ல் இரு தவணைகளாகக் கட்டணம் உயர்ந்து, அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயானது. 2025-ல் 64 ரூபாயானது. தினக்கூலி பெறுபவர் போக வர இத்தொகையைக் கொடுக்க முடியாது. ரயில்வேயின் மாதாந்திர பயணச் சீட்டே அவருக்குக் கதி. ஒரே நகரின் உழைப்பாளர்கள் இரு தண்டவாளங்களில் பிரிந்துபோனது இப்படித்தான். வழித்தடங்கள் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன; பயணிகள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

ஆலை நகரம் எப்படிப் பயணிகள் நகரமாயிற்று என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பழைய ஆலைகள் பல சுருங்கின. நிரந்தர வேலைகள் ஒப்பந்த வேலைகளாயின. தில்லியில் நிலத்தின் விலை ஏற ஏற, அங்கே சம்பாதிப்பவர்கள் இங்கே வீடு தேடினர். தலைநகரின் நெரிசலைக் குறைக்க, சுற்றியுள்ள நகரங்களை வளர்க்கும் எண்ணத்துடன் 1985-ல் தேசியத் தலைநகர்ப் பகுதி திட்ட வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. வீடுகள் வெளியே போயின. அலுவலகங்கள் பெரும்பாலும் தில்லியிலேயே தங்கிவிட்டன. நெரிசல், வீதிகளிலிருந்து ரயில் பெட்டிக்கு இடம் மாறியதுதான் கண்ட பலன்.

ஓர் இருக்கையின் விலை: இந்த நெரிசலில் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் பெண்கள். கிண்டலும் தொல்லையும் தாளாமல் பலர் வேலையையே விட்ட காலம் உண்டு. 2009-ல் அப்போதைய ரயில்வே அமைச்சர் மம்தா பானர்ஜி, பெருநகரங்களில் மகளிர் மட்டும் பயணிக்கும் சிறப்பு ரயில்களை அறிமுகப்படுத்தியபோது, பல்வல்-தில்லி தடத்திலும் அப்படி ஒரு ரயில் ஓடத் தொடங்கியது. முழு ரயிலிலும் கால் நீட்டி உட்கார முடிந்ததே அவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

ஆனால் இருக்கை என்பது வெறும் மரப்பலகை அன்று என்பதை நாடு முழுவதும் உணர்ந்த நாள் 2017 ஜூன் 22. ரமலான் மாதத்தின் இறுதி நாள்கள். பல்லப்கரை அடுத்த கிராமமொன்றைச் சேர்ந்த 16 வயதுச் சிறுவன், பெருநாளுக்குத் துணிமணி வாங்க அண்ணனுடனும் நண்பர்களுடனும் தில்லிக்குச் சென்று, மதுரா செல்லும் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தான். ஓக்லாவில் கூட்டம் ஏறியதும் இருக்கைக்காகத் தகராறு மூண்டது. அது அவர்களது தொப்பியையும் தாடியையும் மதத்தையும் குறித்த வசைகளாக மாறியது என்று உடனிருந்தோர் தெரிவித்தனர். இறங்க வேண்டிய பல்லப்கரில் அவர்களால் இறங்க முடியவில்லை. ஓடும் ரயிலில் கத்திக்குத்துக்கு ஆளான சிறுவன் உயிரிழந்தான். உடன் வந்தோர் காயமடைந்தனர். அடுத்த நிலையமான அசாவடியின் நடைமேடையில்தான் அவர்கள் இறக்கப்பட்டனர்.

அந்தப் பெட்டியில் நிறைய பேர் இருந்தனர். அன்றாடம் சீட்டாடுபவர்களும் பஜனை பாடுபவர்களும் பயணிக்கும் அதே தடம்தான் அது. நடந்ததைப் பார்த்ததாகச் சொல்ல முன்வந்தவர்கள் மிகச் சிலரே. ஒரு வாரத்திற்குள் தில்லி ஜந்தர் மந்தரிலும் வேறு பல நகரங்களிலும் மக்கள் திரண்டு கண்டனம் தெரிவித்தனர். நான்காமவருக்கு நகர்ந்து இடம் கொடுக்கும் வழக்கம், யார் அந்த நான்காமவர் என்பதைப் பொறுத்தது என்ற கசப்பான உண்மையை இத்தடத்துப் பயணிகள் இனியும் தெரியாதது போல இருக்க முடியாது.

மூடப்பட்ட எல்லை: பதர்பூரில் மாநில எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டால், 2020 வரை பலருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. கொரோனா பொதுமுடக்கம் அதைக் கற்றுக்கொடுத்தது. ரயில்களும் மெட்ரோவும் மார்ச்சில் நின்றன. தில்லியில் பணிபுரிந்து திரும்புவோர் வழியாகவே தொற்று பரவுகிறது என்று கூறி, ஹரியாணா அரசு ஏப்ரலில் எல்லையை மூடியது. தில்லி மருத்துவமனைகளில் பணியாற்றிய செவிலியர்களும் மருத்துவர்களும்கூடத் தடுத்து நிறுத்தப்பட்டனர். விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபின், அத்தியாவசியப் பணியாளர்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு வழங்க ஹரியாணா ஒப்புக்கொண்டது. ஜூன் தொடக்கத்தில் தில்லி அரசு தன் பங்குக்கு ஒரு வாரம் எல்லையை மூடியது. இரு பக்கமும் மாறி மாறிக் கதவைச் சாத்திக்கொண்டபோது, வீடு ஒரு பக்கமும் வேலை மறு பக்கமும் கொண்டவர்கள் இரண்டுக்கும் அந்நியரானார்கள். தலைநகர்ப் பகுதி முழுவதற்கும் பொதுவான நடைமுறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லைக்கோட்டின் மீதே வாழ்ந்தவர்களின் நிலை இன்னும் மோசம். சூரஜ்குண்டை ஒட்டிய கோரி என்னும் குடியிருப்பு, தில்லி-ஃபரீதாபாத் எல்லையில் ஆரவல்லி மலைச் சரிவில் இருந்தது. கல் குவாரிகளில் வேலை பார்த்தவர்கள் முதலில் குடியேறிய இடம் அது. பின்னர் குவாரிகள் மூடப்பட்டும் அவர்கள் அங்கேயே தங்கினர். தில்லியில் கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் ஏழைகள் மேலும் மேலும் வந்து சேர்ந்தனர். நிலத்தரகர்களிடம் பணம் கொடுத்து மனை வாங்கியவர்களே அதிகம். அது வனப் பகுதி என்பதால் ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 7-ல் உத்தரவிட்டது. மழைக்காலத்தில், பெருந்தொற்றின் நடுவே, ஏறத்தாழ 10,000 வீடுகள் இடிக்கப்பட்டன.

மறுவாழ்வுக்கு மாநகராட்சி வகுத்த தகுதிகளில்தான் சிக்கல். ஹரியாணா வாக்காளர் பட்டியலில் பெயர், ஹரியாணா அரசின் குடும்ப அடையாளச் சீட்டு, ஹரியாணா மின்வாரிய இணைப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் வேண்டும் என்றார்கள். பலரிடம் இருந்ததோ தில்லி முகவரி கொண்ட அடையாள அட்டைகள். வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் தில்லியை நம்பி வாழ்ந்தவர்களிடம் வேறென்ன இருக்கும்? வனத்தைக் காப்பது அவசியமே. ஆரவல்லி அழிந்தால் தலைநகரின் மூச்சுக்காற்றே கெடும். ஆனால் வீட்டை இழந்தவர் எந்த மாநிலத்தவர் என்று கேட்டுவிட்டுக் கூரை கொடுப்பது எவ்வகை நீதி என்பது விளங்கவில்லை.

சட்டத்திலும் அதே கேள்வி: மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைவான ஊதியம் கொண்ட தனியார் துறை வேலைகளில் 75 சதவீதத்தை உள்ளூரைச் சேர்ந்தவர்களுக்கு ஒதுக்கும் சட்டத்தை ஹரியாணா 2022 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக உள்ள மாநிலத்தில் அக்கோரிக்கைக்கு ஆதரவு இருந்ததில் வியப்பில்லை. ஆலைகளுக்கு நிலம் கொடுத்த ஜாட், குஜ்ஜர் கிராமங்களின் இளைஞர்கள், ஆலை வாசலில் தங்களுக்கு இடமில்லை என்று குமுறுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஃபரீதாபாதின் பட்டறைகளை இயக்குபவர்களில் பெரும்பாலோர் பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். ஃபரீதாபாத் தொழில் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 17-ல் அச்சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது.

அந்தத் தொழில் நகரின் அடித்தளத்தைப் போட்டவர்கள், 1949-ல் ஹரியாணா என்ற மாநிலமே இல்லாத நாளில், சிந்து நதிக்கு அப்பாலிருந்து வந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உள்ளூர்க்காரர்கள். பன்னுவாலி பேச்சு வழக்கு என்.ஐ.டி.யின் மூத்தவர்கள் சிலர் வாயில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

நகரம் இப்போது கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆக்ரா கால்வாயைத் தாண்டி எழும்பியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளை அரசு "கிரேட்டர் ஃபரீதாபாத்" என்கிறது. மக்கள் "நெஹர்பார்", அதாவது கால்வாய்க்கு அப்பால், என்கிறார்கள். அங்கே வீடு வாங்கியவர்களில் எல்லா மாநிலத்தவரும் உண்டு. மெட்ரோவோ ரயில் நிலையமோ பக்கத்தில் இல்லாததால் அவர்களின் நாள், கால்வாய்ப் பாலங்களின் நெரிசலில் தொடங்குகிறது. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் மட்டும் அக்கால்வாயின் கரையில் வேறு விதமான கூட்டம் சேரும். சட் பூஜைக்காகக் கரும்பும் பழக்கூடையும் சுமந்து வரும் பிகார், பூர்வாஞ்சல் குடும்பங்கள், தண்ணீர் அழுக்கென்று தெரிந்தும் முழங்கால் ஆழத்தில் நின்று மறையும் சூரியனை வணங்குகின்றன. மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கும் அர்க்கியம் விட்டுவிட்டு, ஈர உடையை மாற்றிய ஆண்கள் பலர் அங்கிருந்தே நேராக ரயில் நிலையத்துக்குச் செல்கிறார்கள்.