‘எமோட்டிவ்’ எப்படி இயங்குகிறது? ஓர் அடுப்படி விளக்கம்

வெங்காயம் நறுக்குகிறவருக்குக் கண்ணீர் கொட்டுகிறது. அதைப் போட்டு வைத்த சாம்பாரைச் சாப்பிடுகிறவர் அழுவதில்லை. அதே அடுப்படியில், சமைத்தவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் தட்டிப் போட்ட மிளகு, சாப்பிடுகிறவர் கண்ணை நிரப்பிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘எமோஷனல்’, ‘எமோட்டிவ்’ என்னும் இரண்டு பெயரடைகளையும் பிரித்துப் பார்க்க இது போதும். உணர்ச்சி யாருக்குள் இருக்கிறதோ அவர் எமோஷனல். எது அடுத்தவருக்குள் உணர்ச்சியைக் கிளப்புகிறதோ அது எமோட்டிவ். ஒரு தாய் எமோஷனல் ஆகிறார். கருக்கலைப்பு, கருணைக்கொலை, மரண தண்டனை போன்றவை எமோட்டிவ் விஷயங்கள்.

உணர்ச்சியை அடுப்படி வழியாக விளக்குவது பழைய வழக்கம். நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் பரதர் இதைத்தான் செய்கிறார். பலவகைப் பண்டங்கள் கூடி ஒரு சுவை பிறப்பதுபோல, பல பாவங்கள் கூடி ரசம் பிறக்கிறது. நல்ல மனத்தோடு உண்பவர் சுவைப்பதுபோலப் பார்வையாளர் அதைச் சுவைக்கிறார் என்பது அவர் விளக்கம். உண்பவரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டதுதான் இதன் சிறப்பு.

இனி சமையலுக்கு வருவோம். வெந்த பருப்பை ஒரு செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உடம்பில் சதை குறைவு, இவ்வளவுதான் பருப்பு. அதற்கு ‘ஸ்லிம்’ என்று நெய்யும் சீரகமும் தாளிக்கலாம். ‘தின்’ என்று உப்பு மட்டும் போட்டு இறக்கலாம். ‘ஸ்கின்னி’ என்று காய்ந்த மிளகாயைக் கருக்கிக் கொட்டலாம். மூன்றிலும் பருப்பு ஒன்றுதான், ஆனால் சொல்லப்பட்டவருக்கு மூன்றும் ஒன்றாக இராது. பெர்ட்ரண்ட் ரசல் 1948இல் பிபிசி வானொலியின் ‘பிரெய்ன்ஸ் டிரஸ்ட்’ நிகழ்ச்சியில் இதை இலக்கண வாய்பாடுபோல் சொல்லிக் காட்டினார். ஒரே பிடிவாதம், தன்மையில் உறுதியாகிறது, முன்னிலையில் முரட்டுப் பிடிவாதமாகிறது, படர்க்கைக்குப் போனதும் மடத்தனமாகிவிடுகிறது. தாளிப்புக் கரண்டி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

ஆனால் ஒரு சொல்லுக்கு இந்த வாசனை எங்கிருந்து வருகிறது? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மீன்குழம்பு வைத்துப் பழகிய மண்சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் பால் காய்ச்ச முடியாது. சட்டியின் நுண்துளைகளில் பழைய குழம்பு ஊறிக் கிடக்கிறது. சொற்களும் அப்படித்தான் என்றார் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் ஸ்டீவன்சன். அவருக்கு முன்பே, ஆக்டன், ரிச்சர்ட்ஸ் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் 1923இல் வெளியிட்ட ‘தி மீனிங் ஆஃப் மீனிங்’ நூலில், மொழியைத் தகவல் சொல்லும் பயன்பாடு, உணர்ச்சியைத் தூண்டும் பயன்பாடு என்று பிரித்திருந்தார்கள். ஸ்டீவன்சன் அந்த இரண்டாவது வகையைக் கையில் எடுத்து, 1937 முதல் எழுதிய கட்டுரைகளிலும் 1944இல் வந்த நூலிலும், சொல்லின் உணர்ச்சிப் பொருள் அதன் புழக்கத்தின் வரலாற்றிலிருந்து வருகிறது என்று விளக்கினார். கோபத்தில், துக்கத்தில், பெருமிதத்தில் மக்கள் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப ஆண்டால் அந்தச் சூழலின் மணம் சொல்லுக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு வெறும் சட்டியை அடுப்பில் வைத்தாலே வாசனை வரும்.

வெறும் சட்டியே மணக்கும் என்று தெரிந்தவர் வேறொன்றும் செய்யலாம். மணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பண்டத்தை மாற்றிவிடலாம். ‘உண்மையான சுதந்திரம் எதுவென்றால்…’, ‘உண்மையான பண்பாடு எதுவென்றால்…’ என்று தொடங்கும் பேச்சுகளைக் கவனியுங்கள். சுதந்திரம், பண்பாடு என்னும் சட்டிகளின் பழைய மணம் நம்மை இழுக்கிறது. கரண்டியில் வருவதோ பேசுகிறவர் புதிதாகப் போட்ட சரக்கு. இதற்கு ஸ்டீவன்சன் 1938இல் ‘இணங்கவைக்கும் வரையறை’ என்று பெயர் கொடுத்தார். எமோட்டிவ் மொழியின் தந்திரங்களில் மிகவும் கவனிக்கவேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். வசைச்சொல்லை யாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். நமக்குப் பிடித்த சொல்லுக்குள் வேறொன்றை வைத்துக் கொடுத்தால் கையேந்தி வாங்கிக்கொள்கிறோம்.

இதற்கு நேர்மாறான வேலையும் உண்டு, பண்டத்தை விட்டுவிட்டுச் சட்டியை மாற்றுவது. அமெரிக்காவில் 1916 முதல் இருக்கும் ‘எஸ்டேட் வரி’, பெருஞ்சொத்து விட்டுச்செல்பவர்களின் சொத்தின்மேல் விதிக்கப்படுவது. அதை எதிர்த்தவர்கள் ‘டெத் டாக்ஸ்’, சாவு வரி, என்று அழைத்தார்கள். குடியரசுக் கட்சியினருக்குச் சொல்லாலோசனை வழங்கிய பிராங்க் லன்ட்ஸ் 1990களில் இந்தப் பெயரையே பயன்படுத்தச் சொன்னார். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் எஸ்டேட் என்றதும் மாளிகை நினைவுக்கு வந்த இடத்தில், இப்போது சாவு வீடு நினைவுக்கு வருகிறது.

தாளிப்பு மேலே மிதப்பதுதானே, வேண்டாமென்றால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாமே என்று தோன்றும். முடியாது. சற்று நேரம் போனால் எண்ணெயின் சாரம் அடிவரை இறங்கிவிடுகிறது. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டுகிறது. மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, வண்டிகள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். ‘நொறுங்க மோதியபோது’ என்னும் பொருள்படும் வினைச்சொல்லால் கேட்டபோது சராசரி விடை மணிக்கு 40 மைலுக்கு மேல், ‘இடித்தபோது’ என்று கேட்டபோது 34 மைல், ‘தொட்டபோது’ என்ற அளவில் கேட்டபோது 31.8 மைல். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. வலுத்த சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்; ‘இடித்தபோது’ கேட்டவர்களில் 7 பேர். சொல்லின் காரம் நினைவுக்குள்ளேயே ஊறிவிட்டது. நீதிமன்றத்தில் சாட்சியிடம் கேள்வி கேட்பவரும் நாளிதழில் தலைப்பு எழுதுபவரும் இந்த எண்களை மனத்தில் வைத்திருக்கவேண்டும்.

தாளிப்பே இல்லாமல் தீயை ஏற்றி இறக்கியும் சுவையை மாற்றலாம். பேச்சில் அந்தத் தீ, குரல். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் மாஸ்கோ அரங்கில் இருந்த ஒரு நடிகரைப் பற்றிச் சொல்கிறார். ‘இன்று மாலை’ என்னும் இரண்டே சொற்களை நாற்பது விதமான பொருளில் சொல்லிக்காட்டும்படி அவரிடம் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி கேட்டாராம். பின்னாளில் யாகப்சனுக்காக அவர் ஐம்பது சூழல்களுக்குச் சொல்லிப் பதிவு செய்தார். மாஸ்கோக்காரர்கள் பெரும்பாலானவற்றைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள்.

பயன்பாட்டில் ஓர் எச்சரிக்கை. மனிதரைக் குறித்து எமோட்டிவ் என்பதைவிட எமோஷனல் என்பதே பெரும்பாலும் பொருத்தம். மொழி, படம், வழக்கு, விவாதம் ஆகியவற்றுக்கு எமோட்டிவ். ஒன்றை எமோட்டிவ் என்றால் அது பொய் என்று சொன்னதாகாது. ‘கொலை’ எமோட்டிவ் சொல்தான், கொலை நடந்த இடத்தில் அதுவே சரியான சொல்லும்கூட. விவாதத்தில் ‘இது எமோட்டிவ் வாதம்’ என்று சொல்லி எதிராளியை வாயடைக்கப் பார்ப்பவர்கள், தாளித்திருக்கிறது என்பதற்காகப் பருப்பையே கீழே கொட்டச் சொல்கிறார்கள்.

தாளிக்காத பருப்புக்கும் உயிரை உலுக்கும் வலு உண்டு. பிரிட்டனில் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் 1788இல் ‘புரூக்ஸ்’ என்னும் கப்பலின் வரைபடத்தைத் தயாரித்தார்கள். ஒரு கணக்குப்பிள்ளையின் துல்லியத்தோடு, சட்டம் அனுமதித்த 454 பேரை எப்படி அடுக்கலாம் என்று அதில் வரைந்திருந்தது. அதே கப்பல் அதற்கு முன் ஒரு பயணத்தில் 609 பேரை ஏற்றிச் சென்றிருந்தது. படத்தில் கண்ணீர் இல்லை, சவுக்கு இல்லை, அலறல் இல்லை. மேலிருந்து பார்த்த தளமும் நெருக்கியடித்துக் கிடத்திய உருவங்களும் அளவுகளும் மட்டுமே. அது சுவரொட்டியாக அச்சாகி ஆயிரக்கணக்கில் பரவியது. 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த வணிகத்தைத் தடைசெய்யும்வரை நடந்த நீண்ட போராட்டத்தில் பலரை மனம் மாற்றியவற்றுள் அதுவும் ஒன்று. எமோட்டிவ் என்னும் சொல்லுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்தப் படத்தைத்தான்.