புதுப் பிஸ்டன், பழைய ரப்பர் வளையம்

மாணவர்களே, சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் விடியற்காலைச் சத்தம் எது என்று கேட்டுப் பாருங்கள். சேவலை மட்டும் சொல்ல மாட்டார்கள். லயத்துக்கு லயம் உதைத்துக் கிளப்பப்படும் கப்சாய் மோட்டார்சைக்கிள்களின் ‘டிங்... டிங்... டிங்’ சத்தத்தையும் சேர்த்தே சொல்வார்கள். பின்னால் நீலப் புகை. இரு பக்கமும் பால் வாளி. என் அப்பாவும் அப்படித்தான் பால்மரக் காட்டுக்குப் போய் வந்தார்.

அந்தக் கப்சாய் பல ஆண்டுகள் வீட்டின் பின்புறம் கிடந்தது. உதைத்தால் கால் சும்மா கீழே போகும்; எதிர்ப்பே இருக்காது. பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. நான்தான் விடவில்லை. அறிவியல் ஆசிரியர் ஆயிற்றே, இது கூடத் தெரியாதா என்ற எண்ணம்! அந்த எண்ணத்தால் வந்த வினையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த இயந்திரத்தைப் புரிந்துகொள்வோம். இன்றைய மோட்டார்சைக்கிள்கள் நான்கு வீச்சு இயந்திரத்தில் ஓடுகின்றன. உறிஞ்சு, அமுக்கு, எரி, வெளியேற்று என்று நான்கு வேலைக்குப் பிஸ்டன் நான்கு முறை நகர்கிறது. கிரேங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றுகிறது. இரு வீச்சு இயந்திரமோ எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிக்கிறது. நிமிடத்திற்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 முறை எரிப்பு. அதனால்தான் சின்ன இயந்திரத்திலும் மேடேறும் வலு இருக்கிறது. உங்கள் பள்ளித் திடலில் புல் வெட்டுபவர் முதுகில் சுமக்கும் இயந்திரத்தில் பெரும்பாலும் இதுதான். 1970களின் இறுதியில் யமஹா கொண்டு வந்த கோல்ஃப் வண்டியிலும் இதுவே இருந்தது.

ஒரே சுற்றில் எப்படி முடிகிறது? பிஸ்டனின் மேல்புறம் மட்டுமல்ல, கீழ்ப்புறமும் வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது தலைக்கு மேல் உள்ள கலவையை அமுக்குகிறது. அதே நேரத்தில் காலுக்குக் கீழே கிரேங்க் அறையில் வெற்றிடம் போல் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து புதுக் கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது முதலில் புகை வெளியேறும் துளை திறக்கும். அடுத்த கணம் பக்கத் துளைகள் திறக்க, கீழே அழுத்தப்பட்ட புதுக் கலவை அவற்றின் வழியாக மேலே பாயும். கிரேங்க் அறையையே பம்பாக்கும் இந்த யோசனை இங்கிலாந்தின் ஜோசப் டே என்பவருடையது. 1891இல் காப்புரிமை பெற்றார். அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஸ்காட்லாந்தின் டுகல்ட் கிளர்க் இரு வீச்சு இயந்திரம் செய்திருந்தார். ஆனால் அதற்குத் தனியாக ஒரு பம்பு சிலிண்டர் தேவைப்பட்டது.

கிரேங்க் அறையே பம்பு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் மறந்தேன்.

வேலையைத் தொடங்கினேன். சிலிண்டரைக் கழற்றி ஈப்போவில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். உள்விட்டம் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளந்தால் மேலே ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு. வட்டமும் சரியான வட்டமாக இல்லை. தேய்ந்த சிலிண்டரில் புது வளையத்தை மட்டும் மாட்டிப் பயனில்லை. கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். பட்டறைகளில் இதை மலாயில் ‘கொரேக்’ என்பார்கள். மாற்றுப் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகக் கூடும் அளவுகளில் கிடைக்கும். எனக்கு 0.50 தேவைப்பட்டது. பிஸ்டன் நகரும் தூரமும் 50 மி.மீ. தான், கொள்ளளவை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 98 கன சென்டிமீட்டராக இருந்தது 100 ஆகியிருக்கும்.

பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி சுமார் 0.05 மி.மீ.; ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பள்ளியில் மைக்ரோமீட்டர் திருகை வைத்துக்கொண்டு 0.01 மி.மீ. எதற்கு என்று அலுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? இதற்குத்தான்.

சிலிண்டர் திரும்பி வந்தது. கடைந்த பிறகு துளைகளின் விளிம்பு கத்தி போல் இருக்கும். அதை மெல்ல உரசி மழுக்கினேன். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறியைப் புகைக் குழாய்ப் பக்கம் திருப்பினேன். வளையத்தின் இரு முனைகளும் சிறு ஊசி இருக்கும் இடத்தில்தான் சந்திக்க வேண்டும். இல்லையென்றால் முனை துளையில் மாட்டி ஒடியும். சின்னப் பூட்டுக் கம்பி தவறி உள்ளே விழாமலிருக்கக் கிரேங்க் அறையின் வாயைத் துணியால் அடைத்திருந்தேன். எண்ணெய்ப் பம்பு கெட்டிருந்ததால் பெட்ரோலிலேயே 2டி எண்ணெய் கலந்தேன்: 25க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 200 மில்லிலிட்டர். பெட்ரோல் கிரேங்க் அறை வழியாகப் போவதால் அங்கே தனியாக எண்ணெய் தேக்கி வைக்க முடியாது. மசகு கலவையோடு வந்தால்தான் உண்டு.

நான்காவது உதையில் கிளம்பியது. அப்பா முகத்தில் சிரிப்பு. இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் சந்தைக்குப் போன வழியில் இயந்திரம் திடீரென்று இறுகிவிட, பின்சக்கரம் ஒரு கணம் சுழலாமல் வழுக்கியது. நல்லவேளை, பின்னால் லாரி எதுவும் இல்லை. முழங்கால் சிராய்ப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

புதுப் பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். ஸ்பார்க் பிளக்கின் முனை சாம்பல் வெள்ளை. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதற்கு அது அடையாளம். கார்புரேட்டரோ சுத்தமாக இருந்தது. அப்படியானால் மிச்சக் காற்று எங்கிருந்து வந்தது?

கிரேங்க் தண்டின் இரு முனைகளும் அறைக்கு வெளியே வரும் இடத்தில் ஆளுக்கொரு ரப்பர் வளையம் உண்டு. ஆயில் சீல் என்பார்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்ததில் இடப்பக்க சீல் மரக்கட்டைபோல் காய்ந்திருந்தது. பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கு வழியாகக் காற்று நுழைந்திருக்கிறது. இதில் இரட்டைத் தண்டனை: கார்புரேட்டர் வழியாக இழுப்பது குறைந்ததால் பெட்ரோலும் குறைந்தது, அதில் கலந்த எண்ணெயும் குறைந்தது. சூடு கூடியது, மசகு குறைந்தது.

சூடானால் ஏன் இறுகுகிறது? பிஸ்டன் அலுமினியக் கலவை. அந்தச் சிலிண்டர் வார்ப்பிரும்பு. 50 மி.மீ. அகலமுள்ள பிஸ்டன் 50 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும். அதே சூட்டில் சிலிண்டர் சுமார் 0.03 மி.மீ. தான் விரியும். நாம் விட்ட 0.05 இடைவெளியில் பாதியளவு அங்கேயே போய்விட்டது. போதாததற்கு, பிஸ்டன் எப்போதும் சிலிண்டரைவிட அதிகமாகவே சூடேறும். மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

வலப்பக்க சீல் கெட்டிருந்தால் கதை வேறு. அந்தப் பக்கம் கியர் பெட்டி. காற்றுக்குப் பதில் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை மண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி இருந்தது. கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று கிண்டல் செய்வோம்.

மறுபடி கடைந்தேன், இம்முறை 0.75. இரண்டு சீல்களையும் மாற்றினேன். முன்பு செய்யாமல் விட்ட சோதனையையும் செய்தேன். புகைத் துளையையும் கார்புரேட்டர் வாயையும் பழைய டியூப் ரப்பரால் இறுக்கி அடைத்து, பிளக் துளை வழியாக அழுத்தமானி வைத்த கைப்பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றினேன். 6 பி.எஸ்.ஐ. போதும், அதிகமானால் புது சீலே பிதுங்கும். இணைப்புகள்மேல் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் அங்கே கசிவு. சிலிண்டரின் அடியில் ஒரு குமிழி வந்தது, கேஸ்கெட்டை மாற்றினேன். பிறகு சில நிமிடங்கள் காத்திருந்தும் முள் இறங்கவில்லை.

நீங்கள் இதைப் பார்க்க விரும்பினால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். மூடிய அறையில் இயந்திரத்தைக் கிளப்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இரு வீச்சு இயந்திரத்தில் புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகைத் துளை வழியாகத் தப்பிவிடும். அந்தப் புகைதான் இந்த இயந்திரங்களைச் சாலையிலிருந்து மெல்ல ஒதுக்கியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

முதல் சில நூறு கிலோமீட்டர் வேகம் கூட்டாமல் ஓட்டினோம். பிறகு பிளக்கைக் கழற்றினேன். முனை கோப்பித்தூள் நிறத்தில் இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒரு முறை பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டார்.